ஊர்க் கண்மாயை மீட்கப் போகிறீர்களா? ஜேசிபி வருவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

ஊர்க் கண்மாய் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, நாலு பேர் சேர்ந்து வெட்டித் தூர்வாரி விடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, வாட்சப் குழுவில் பணம் திரட்டி, கோடை லீவில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடும் இளைஞர்களுக்காக. மண் அள்ளுவது சில வாரத்து வேலை. ஆனால் பாழாய்க் கிடக்கும் அந்தக் கண்மாயையும் நம்பிப் பிழைப்பவர்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களோடு பேசி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அதைச் செய்யாமல் இறங்கினால் பாதியில் தகராறு வந்து வண்டி திரும்பிப் போய்விடும். எங்கள் ஊரில் நாங்கள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன், நீங்களாவது அந்த அலைச்சல் இல்லாமல் வேலையைப் பாருங்கள்.

சிவகங்கை, ராமநாதபுரம் மாதிரி வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏரி என்று சொல்லும் ஊர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. கண்மாய் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

ஊர்க் கண்மாய் என்றுதான் எல்லோரும் சொல்வோம், ஆனால் அனுமதி கேட்கும்போது எந்த ஆபீஸ் என்ற கேள்வி வந்துவிடும். ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகம். ஊருணி, குட்டை என்றால் பெரும்பாலும் ஊராட்சியே பார்த்துக்கொள்ளும். மாற்றி மனு கொடுத்தால் "இது எங்களுடையது இல்லை" என்று ஒரு வரி பதில் வருவதற்கே ஒரு மாதம் போய்விடும்.

எடுக்க வேண்டிய காகிதங்கள்: சர்வே எண், அ-பதிவேடு (எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம், எவ்வளவு பரப்பு என்று சொல்லும் பதிவேடு) நகல், புலப்படம் (அந்தச் சர்வே எண்ணின் எல்லை வரைபடம்). அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், அச்செடுத்துக்கொள்ளலாம். கண்மாய்க்கு மட்டும் எடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள், வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) போகும் சர்வே எண்கள் எல்லாவற்றுக்கும் எடுங்கள். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது கண்மாயை மட்டும் ஆழப்படுத்துவது வீண் செலவு. கிராமப் பெரிய வரைபடம் விஏஓவிடம் இருக்கும், கேட்டால் காட்டுவார்.

கேட்ட விவரம் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். நேரில் கொடுக்கும் எந்த மனுவுக்கும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மனு ஒன்றை ஓர் அலுவலகத்தில் "வரவே இல்லை" என்றார்கள், முத்திரை போட்ட நகல் கையில் இருந்ததால் பிழைத்தோம்.

2. இந்தக் கண்மாயால் யார் யார் பிழைக்கிறார்கள் என்று எழுதுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை. ஒரு நோட்டுப் போட்டு, கண்மாய் மாறினால் யாருக்கு என்ன வரும், யாருக்கு என்ன போகும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். பாசன விவசாயிகளை மட்டும் கூட்டி வைத்துப் பேசிவிட்டு ஊரே சம்மதித்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்த விவசாயிகளுக்குள்ளேயே முதலில் தண்ணீர் பாயும் தலைமடைக்காரருக்கும் கடைசியில் பாயும் கடைமடைக்காரருக்கும் ஒத்துப்போகாது, அதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் விறகு. சீமைக்கருவேலத்தைச் சனியன் என்று திட்டுவது நிலம் உள்ளவர்களுக்குச் சுலபம். நிலமில்லாத வீட்டில் அடுப்பு எரிவதே அதில்தான். மரம் வெட்டி, கரிமூட்டம் போட்டுக் கூலி வாங்கும் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு. ஒரே மாதத்தில் மொத்தக் கண்மாயையும் மொட்டையடித்தால் அவர்களுக்கு அந்த ஆண்டுப் பிழைப்பு போய்விடும். இதற்கு வழி இருக்கிறது. மரம் வெட்டும் வேலையை வெளியூர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் உள்ளூர்க் கூலி ஆட்களுக்கே கொடுக்கும்படி ஏல நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள், கொப்புகளையும் சிறு விறகையும் ஊர்ப் பெண்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக அகற்றுவது இன்னும் நல்லது.

ஆடு வளர்ப்பவர்கள், மந்தையோடு ஊர் ஊராகப் போகும் கீதாரிகள். கோடையில் புல் கருகிப்போன பிறகு ஆடுகளுக்குக் கருவேல நெற்றுதான் தீவனம். அந்த நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் புழுக்கையிலும் சாணத்திலும் விதை பரவித்தான் மரம் காடாகிறது என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துப் பேசுங்கள். கிடை போட இடம், ஆடு தண்ணீர் குடிக்க இறங்கும் சரிவு, வெள்ளைவேல் போன்ற மாற்றுத் தீவன மரங்கள் என்று அவர்கள் கேட்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மீன்பாசிக் குத்தகை (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் யார், குத்தகை எப்போது முடிகிறது? பெரும்பாலும் பசலிக் கணக்கு, ஜூலை 1 தொடங்கி ஜூன் 30 வரை. குத்தகை நடுவில் தண்ணீரை வடித்தால் அவர் வழக்குக்குப் போவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் தண்ணீர் நிற்கும் நிலத்தில், விதைப்பவர்கள். இவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மடை திறக்கும் நீர்க்கட்டி அல்லது மடைக்காரர் குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால் அவரோடு ஒரு முழுநாள் கண்மாயைச் சுற்றி நடங்கள். எந்த மடை கசியும், எந்த இடத்தில் தண்ணீர் கடைசியாக வற்றும், பழைய வரத்துக்கால் எங்கே ஓடியது என்று எந்த எஞ்சினியரின் வரைபடத்திலும் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

கடைசியாக, கீழூர்க்காரர்கள். நம் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். கலுங்கை ஒரு கல் உயர்த்தினாலும் அங்கே ஒரு போகம் போய்விடும். கலுங்கு உயரத்தைத் தொடவே மாட்டோம் என்று வேலை தொடங்கும் முன்பே கீழூருக்குப் போய்ச் சொல்லுங்கள். கண்மாய்ச் சண்டைகளில் பலதும் இங்கேதான் முளைக்கும்.

கூட்டம் போடும் இடத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோயில் மண்டபத்தில் போட்டால் ஊரில் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்தாலும் ஓரமாக நிற்பார்கள், பேச மாட்டார்கள். காலனித் தெருவில் ஒரு கூட்டம் கட்டாயம் போடுங்கள், அங்கே போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பெண்களைத் தனியாக, வேலை முடிந்த சாயங்காலத்தில் பாருங்கள். கண்மாய்க்குள் தினமும் கால் வைப்பது அவர்கள்தான், துணி துவைக்கும் படித்துறை எங்கே வேண்டும் என்பது கூட ஆண்களுக்குத் தெரிவதில்லை.

3. ஆக்கிரமிப்பு: எடுத்தவுடன் புகார் போடாதீர்கள்

முதலில் அளக்க வேண்டும். எல்லை அளந்து கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளிலும், மே, ஜூன் வாக்கில் நடக்கும் ஜமாபந்தியிலும் (வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கும் முகாம்) கொடுக்கலாம். சர்வேயர் வருவதற்குச் சில மாதங்கள் ஆகலாம், அதையும் கணக்கில் வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்தான். நீர்வளத்துறைப் பராமரிப்பில் உள்ள ஏரி, கண்மாய்களுக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் இருக்கிறது, மற்ற புறம்போக்குகளுக்கு 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஆனால் உள்வாயில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றல்ல. பத்து ஏக்கரை வளைத்துத் தென்னை வைத்தவரும் இருப்பார், நிலமே இல்லாமல் தண்ணீர் வற்றிய பிறகு அரை ஏக்கரில் எள்ளோ கம்போ விதைக்கும் குடும்பமும் இருக்கும், வேறு போக்கிடம் இல்லாமல் குடிசை போட்டவர்களும் இருப்பார்கள். நடைமுறையில் முதலில் பிடுங்கப்படுவது குடிசைதான், தென்னந்தோப்பு கோர்ட்டில் தடை வாங்கிக்கொண்டு நிற்கும். இதை நடக்க விடாதீர்கள். பெரிய ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். குடியிருப்பவர்களுக்கு மாற்று இடத்துக்கான வீட்டுமனைப் பட்டா மனுவை நீங்களே உடன் நின்று போட்டுக் கொடுங்கள். அந்த மனு முடிவாகும் வரை அந்த ஓரத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை செய்யலாம், கண்மாய் ஒன்றும் ஓடிப்போகாது.

4. கிராமசபைத் தீர்மானம்

ஆண்டுக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோடையில் வேலை என்றால் ஜனவரி 26ஐப் பிடியுங்கள், தவறினால் மார்ச் 22. மே 1க்குக் காத்திருந்தால் காகிதம் நகர்ந்து முடிவதற்குள் ஆடி வந்துவிடும்.

கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைப் பாருங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் குறைந்தால் தீர்மானத்தைப் பின்னால் யாரும் செல்லாது என்று சொல்லலாம்.

"கண்மாயைத் தூர்வாரத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் எழுதி வாங்காதீர்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சர்வே எண், பரப்பு, என்னென்ன வேலை, பணம் எங்கிருந்து, மேற்பார்வைக் குழுவில் யார் யார், மரம் விற்ற பணம் எதற்கு, வண்டலை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று எல்லாம் இருக்க வேண்டும். குழுவில் தலைமடை, கடைமடை, காலனி, ஆடு வளர்ப்பவர், பெண்கள் என்று ஒவ்வொரு தரப்புக்கும் ஆள் போடுங்கள். வரைவை நீங்களே எழுதி ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால் அவரை முன்னாடியே நேரில் பார்த்துவிடுவது நல்லது. கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலைக் கையெழுத்து, முத்திரையோடு வாங்குங்கள்.

5. அனுமதிக் கோப்பு

தீர்மான நகல், அ-பதிவேடு, புலப்படம், இப்போதைய நிலைக்கான புகைப்படங்கள், உதவிப் பொறியாளர் போட்டுக் கொடுக்கும் மதிப்பீடு, உங்கள் சங்கத்தின் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு விவரம். இவற்றை மூன்று செட் வைத்து, ஒன்று சம்பந்தப்பட்ட துறைக்கு, ஒன்று கலெக்டருக்கு, ஒன்று உங்களிடம்.

மரம் அகற்றத் தனி ஏற்பாடு வேண்டும். வனத்துறையிடம் மரங்களுக்கு மதிப்பு வாங்கி, ஏலம் விட்டுத்தான் வெட்டலாம். நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாமல் பக்கத்தில் ஆள் நிறுத்துங்கள், அவை சமூகக் காடுகள் திட்டத்தில் வைத்தவையாக இருக்கலாம், பறவைகள் கூடு கட்டுவதும் அவற்றில்தான். உங்கள் கண்மாய் வேட்டங்குடி, சித்திரங்குடி போல அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கொப்பைக்கூடத் தொடக் கூடாது.

6. பணம்

ஜேசிபி ஒரு மணி நேரத்துக்கு 1,200 முதல் 1,500 ரூபாய் வரை கேட்கிறார்கள், ஊருக்கு ஊர் மாறும். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 9,600 முதல் 12,000. ஹிட்டாச்சி (பெரிய மண்தோண்டும் வண்டி) என்றால் இன்னும் கூடும், ஆனால் கரை போடுவதற்கும் தூரோடு மரம் பிடுங்குவதற்கும் அதுதான் ஏற்றது. டீசல் யார் செலவு, வண்டியைக் கொண்டுவர லாரி வாடகை யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். அளவு எடுத்துக் கன மீட்டர் கணக்கில் பேசினால் தகராறு குறையும். மணிக்கணக்கு என்றால் குழுவில் ஒருவர் தினமும் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தனி ஆள் கணக்கில் பணம் வாங்கவே வாங்காதீர்கள். ஏழு பேர் இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம், மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று வங்கிக் கணக்கு தொடங்கலாம். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கேட்பதானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும், புதிதாகத் தொடங்கிய சங்கத்துக்கு அது உடனே நடக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் ஏற்கெனவே அந்தப் பதிவுகள் உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து செய்யலாம். ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு கொடுக்கும் நமக்கு நாமே திட்டத்தைப் பற்றியும் பிடிஓவிடம் கேளுங்கள். 2018இல் கஜா புயல் அடித்துப் போட்ட பிறகு பேராவூரணிப் பெரியகுளத்தை அந்தப் பகுதி இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து, மக்கள் பணத்தைக் கொண்டே தூர்வாரினார்கள். முடியாத காரியம் இல்லை.

வரவு செலவை வாரம் ஒருமுறை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். வாட்சப்பில் போடுவது வெளியூரில் இருப்பவர்களுக்கு, உள்ளூரில் எல்லோரிடமும் அந்த போன் இருக்காது.

இன்னொன்று, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு, மிஷின் வந்தால் தங்கள் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். அந்த வேலை கையால் செய்வதற்கு மட்டுமே. அதனால் வரத்துக்கால் சுத்தம், கன்று நடுதல் போன்றவற்றை அதற்கென்று ஒதுக்கி, மிஷின் ஓடும் இடத்தோடு கலக்காமல் தனியாக அளந்து வைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு கணக்கு எழுதினால் தணிக்கையில் எல்லோரும் மாட்டுவார்கள்.

7. வண்டல்: சண்டை வரும் இடம்

அனுமதியில்லாமல் ஒரு டிராக்டர் மண் கண்மாயைத் தாண்டினாலும் கனிமச் சட்டத்தில் வண்டியைப் பிடிப்பார்கள். நல்ல வேளையாக 2024இல் விதியை எளிதாக்கியிருக்கிறார்கள். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வண்டல், களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம். அதே வட்டத்தில் நிலம் இருக்க வேண்டும், கண்மாய் மாவட்ட அரசிதழில் வந்த பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கிறதா என்பதை மார்ச்சிலேயே பாருங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 25, 30 டிராக்டர் நடை. சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்க் கணக்கு நகல்களோடு இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். மண் இலவசம், ஏற்றும் கூலியும் வண்டி வாடகையும் உங்களுடையது.

டிராக்டர் வைத்திருப்பவர் முதல் வாரத்திலேயே முப்பது நடை அடித்துவிடுவார், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் விதவைப் பெண்ணுக்கு வண்டி கிடைப்பதற்குள் மழை வந்துவிடும். அதனால் சிறு விவசாயிகள் முதலில், பெரியவர்கள் பின்னால் என்று டோக்கன் போடுங்கள். நிலமில்லாதவர்களுக்கு வண்டலில் பங்கே இல்லை என்பதை மறக்காதீர்கள், அதனால்தான் மேலே விறகையும் வெட்டுக் கூலியையும் அவர்களுக்கு என்று சொன்னேன். செங்கல் சூளைக்கும் ரோட்டு வேலைக்கும் மண் கேட்டு ஆள் வருவார்கள், "கண்மாயை இலவசமாக ஆழப்படுத்தித் தருகிறோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வண்டலுக்குக் கீழே அவர்கள் போய்விட்டால் தண்ணீர் நிற்காது, மடை மட்டத்துக்குக் கீழே பள்ளமானால் அந்தத் தண்ணீர் வயலுக்கும் ஏறாது. கரையடியை ஒட்டித் தோண்டவும் விடாதீர்கள், முதல் பெருமழையில் கரை சரியும்.

8. மாதக் கணக்கு

அக்டோபர், நவம்பரில் காகிதம் எடுப்பதும் வீடு வீடாகப் போவதும். ஜனவரி 26 தீர்மானம். பிப்ரவரி, மார்ச்சில் அளவை, மதிப்பீடு, மர ஏலம். ஏப்ரல் முதல் ஜூலை வரை மரம், வண்டல், கரை. ஆகஸ்டில் மடை, ஷட்டர் பழுது. ஆவணி, புரட்டாசியில் கரையின் வெளிச்சரிவில் பனை விதை. செப்டம்பர் முடிவதற்குள் கண்மாய்க்குள் வண்டி இருக்கக் கூடாது. முதல் ஆண்டில் அனுமதி இழுத்துக்கொண்டே போனால் வரத்துக்காலை மட்டும் சுத்தம் செய்துவிட்டு அடுத்த கோடைக்குத் தள்ளிப்போடுங்கள், அவசரத்தில் அரைகுறையாக வெட்டிய கரை ஊருக்கே ஆபத்து.

9. தண்ணீர் வந்த பிறகு

தூரோடு பிடுங்காத கருவேலம் மறுபடி தழைக்கும், மண்ணுக்குள் கிடக்கும் விதையும் மழைக்கு முளைக்கும். தண்ணீர் வற்றும்போதெல்லாம் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆண்டுதோறும் கூலிக்குப் பணம் வேண்டும். மீன்பாசி ஏலப் பணத்தில் ஒரு பங்கை இதற்கும் மடைக்காரர் சம்பளத்துக்கும் ஒதுக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். மதுரை தானம் அறக்கட்டளை "வயலகம்" என்ற பெயரில் ஊர் ஊராகப் பாசன விவசாயிகள் சங்கங்களை அமைத்திருக்கிறது. பக்கத்தில் ஒன்று இருந்தால் போய்ப் பாருங்கள், சந்தா பிரிப்பதையும் மடை முறை வைப்பதையும் நேரில் கற்றுக்கொள்ளலாம்.

மடை திறக்கும் முறையை முதல் தண்ணீர் வருவதற்கு முன்பே எழுதி, தலைமடை, கடைமடை விவசாயிகள் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். ஷட்டர் சாவி குழுத் தலைவர் வீட்டில் இருக்கக் கூடாது, மடைக்காரரிடம் ஒன்று, ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று. கோப்பின் ஒரு முழு நகலையும் ஊராட்சியில் வைத்துவிடுங்கள், அடுத்த தடவை வேறு யாராவது இந்த வேலையைச் செய்யும்போது அளவைக் கல் எங்கே நட்டது என்பதையாவது தேடாமல் இருப்பார்கள்.